இன்னும் கொஞ்சம் கரகரப்பு

கட்டிலை விட்டு இறங்கினான். எழுந்தான் என்று சொல்வதற்கில்லை, தூங்கியிருந்தால்தானே எழுவதற்கு. பல் தேய்த்தான். பால் காய்ச்சினான், பொங்கவிட்டான், அடுப்பைத் துடைத்தான். மிஞ்சிய பாலில் டீ போட்டு நின்றுகொண்டே குடித்தான். கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதன் ஒலியை விதவிதமாக மாற்றும் எஃபெக்ட்ஸ் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான். இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் கடையைத் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றான்.

மெக்கானிக் ஒரு காலத்தில் மேடைகளில் வாசித்தவர். அதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். திரையில் கம்பெனி முத்திரை வந்து அப்படியே உறைந்து நின்றது. வேறு எதற்கோ உள்ள அடாப்டரைச் செருகினீர்களா என்று கேட்டார். அவன் ஒப்புக்கொண்டான்.

"பெட்டியைக் காப்பாத்திடலாம் தம்பி. புதுசா வாங்கின நிலைமைக்குக் கொண்டுபோகணும். உள்ள நீங்க செஞ்சு வெச்சதெல்லாம் போயிடும்."

"பெட்டி போனாப் போகட்டும்ணா. உள்ள இருக்கிறதுதான் வேணும்."

இப்படி ஒருவன் கேட்டு மெக்கானிக் பார்த்ததில்லை. தன்னால் ஆன வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தது வெளியே வரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்தார். பெட்டி ஒன்றுமே நடக்காததுபோல் பளிச்சென்று விழித்துக்கொண்டது. அவன் முகம்தான் வெளுத்துப்போனது.

அந்தச் சத்தத்தை மறுபடி உண்டாக்கிவிடலாம், விவரம் மட்டும் சொல்லுங்கள் என்று மெக்கானிக் தேற்றினார். எந்தக் குமிழ் எவ்வளவு திருகியிருந்தது என்பது அவனுக்கு நினைவில்லை. காதால் பார்த்துப் பார்த்துத் திருகியது. ஆனால் சத்தம் நினைவிருந்தது. கனமான பெட்டியைத் தரையில் இழுக்கிறமாதிரி அடியிலிருந்து கிளம்பும், உச்சிக்குப் போய் இரண்டாகப் பிளக்கும், ஒரு சின்ன விசிலோடு இறங்கும் என்றான்.

மெக்கானிக் கிடாரின் தடித்த கம்பியை உள்ளங்கையால் தேய்த்தார். பெரிய மண்டபத்தில் யாரோ உருகி வாசிப்பதுபோல் வந்தது. பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கரகரப்பு வேணும்ணா."

கரகரப்பை எடுத்துக் கொடுங்கள் என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்தே மெக்கானிக்குக் காது தேய்ந்திருந்தது. மனசில்லாமல் ஒரு குமிழைத் திருகினார். அவன் போதாது என்றான். இன்னொன்றைத் திருகினார். அதுவும் நல்லாயிருக்கிறது, நல்லாயிருக்கக் கூடாது என்றான்.

"தம்பி, இதுக்கு மேல போனா என் பேரு கெட்டுடும்."

அவன் வெட்கத்தை விட்டான். ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து தானே செய்து காட்டினான். கிடார் கம்பி வாங்க வந்த ஒரு ஆள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, வாங்காமலே திரும்பிப் போனான்.

பிறகுதான் வேலை ஓடியது. சுருதியை ஒரு படி கீழே இறக்கினார்கள். எக்கோவைத் தூக்கி எறிந்தார்கள். விசிலுக்கு மட்டும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். ஒரு தடவை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் இடைவெளியில்தான் அவன் பிடிவாதமாக இருந்தான்.

"இன்னும் நீளமாண்ணா. நின்னுபோச்சோன்னு கேட்கிறவன் எழுந்து உட்காரணும். அப்புறம் வரணும்."

"வரலைன்னா?" மெக்கானிக் கிண்டலாகக் கேட்டார்.

"வரணும்."

விடிகிறவரை இதையே பெட்டி தானாகத் திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும் என்றும் சொன்னான். எந்தப் பாட்டுக்கு என்று மெக்கானிக் கேட்டார். பாட்டுக்கு இல்லை. பேய்ப் படமா? அதுவும் இல்லை. வீட்டுக்கு என்றான்.

கடைசிக் குமிழைத் திருகிவிட்டு மெக்கானிக் கையை எடுத்தார். பெட்டி இழுத்தது, பிளந்தது, விசிலடித்தது, நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி இழுத்தது. அவன் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, ஸ்டூலிலிருந்து விழப்பார்த்தான்.

மூன்றாவது ஆள் மெக்கானிக்கின் மனைவி. மூலையில் ஒயர்களுக்கு முனை பற்றவைத்துக்கொண்டிருந்தவள்.

"யாரோ தூங்குறாங்க," என்றாள்.

மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "குறட்டையா?"

"என் வீட்டுக்காரியோடது," என்றான்.

மெக்கானிக் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். இதற்காகவா காலையிலிருந்து தன் உயிரை வாங்கினான் என்று கேட்டார்.

"இன்னைக்கு ராத்திரி அவங்க தூங்கினதும் போனைத் தலகாணிகிட்ட வைங்க தம்பி. அஞ்சு நிமிஷ வேலை."

அதையும் செய்து பார்த்தாயிற்று என்றான் அவன். தான் குறட்டை விடுவதைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் நம்பாததால், காலையில் போட்டுக் காட்டலாம் என்று ஒரு ராத்திரி போனை வைத்தான். வெளிச்சம் பட்டு அவள் முழித்துக்கொண்டாள், போனைப் பிடுங்கிப் பதிவை அழித்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். காலையில் எழவே இல்லை.

மெக்கானிக்கின் மனைவி பற்றவைப்பதை நிறுத்தினாள். திரும்பிப் படுக்கும்போது அவள் சொன்னதையும் அவன் அப்படியே சொன்னான்:

"அழிச்சாச்சு. நான் குறட்டையெல்லாம் விடறதில்ல. நீ பேசாம தூங்கு."