கை கொடுக்காத டிசைனர்

விஸ்கான்சினின் பெரிய பால் பண்ணைக்காரர் ஹேவர்காம்ப் கையை நீட்டினார். டிசைனர் ட்வைட் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சிரித்தான். பட்டறை முதலாளி லோர்னா அவசரமாக ஹேவர்காம்ப்புக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்த ஆர்டர் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"உங்க ஆளுக்குத் திமிரு ஜாஸ்தி" என்றார் ஹேவர்காம்ப்.

"கோவிச்சுக்காதீங்க சார். இவன் செஞ்ச குழாய்க் கவ்வி, அந்தப் புது கிளாம்ப்பைப் பத்திக் கேளுங்க" என்றாள் லோர்னா.

"பால் குழாயில ஒரே கையால மாட்டலாமா?"

"ஒரு கை போதும். அழுத்தினா டக்குனு பூட்டிக்கும்" என்றான் ட்வைட்.

"மாடு உதைச்சாக்கூடக் கழலக் கூடாது."

"காலையிலேர்ந்து ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறோம். இடுக்கி, ஸ்க்ரூடிரைவர், சோப்புத் தண்ணி, எதுக்கும் அசையலை" என்றாள் லோர்னா.

"சோப்புத் தண்ணி எதுக்கு?"

லோர்னாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ட்வைட் மெல்ல எழுந்தான். மேஜைக்கடியிலிருந்து நான்கடிக் குழாயும் கூடவே எழுந்தது. அவனுடைய வலது மணிக்கட்டையும் குழாயையும் சேர்த்துக் கவ்வியிருந்தது புது கிளாம்ப்.

"திறக்கிற கொக்கியை இன்னும் வரையலை சார்."

ஹேவர்காம்ப் கண்ணில் நீர் வரச் சிரித்து, குழாயின் நுனியைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஐநூறு கிளாம்ப் அனுப்புங்க. கொக்கியையும் வரைஞ்சிடுங்க. கொக்கி எங்கே இருக்குன்னு மாட்டுக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."