தலைக்கு மேலே ஒரு கல்

காட்டில் தனியாக உட்கார்ந்தால் நின்றுபோன கவிதை வரும் என்று, கணவனை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஆற்றங்கரைக்கு வந்திருந்தாள் சந்திரவதனா. அவள் கண்ணெதிரே செந்நாய்கள் ஒரு மானை மணலில் மடக்கி, உயிரோடு கிழிக்கத் தொடங்கின. வெறி வந்தவள்போலக் கத்திக்கொண்டு கற்களை எறிந்தாள். ஒரு நாய்க்கு மண்டை உடைந்தது. எல்லாம் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் போய் உட்கார்ந்தன.

மான் சாகவில்லை. குடல் மணலில் புரள எழுந்து நிற்கப் பார்த்தது, விழுந்தது, மறுபடியும் எழப் பார்த்தது. கத்தல் கேட்டு ஜீப்பிலிருந்து ஓடிவந்தான் கணவன் ஜெயபாலன்.

"வா, போயிடலாம்."

"இத இப்படியே விட்டுட்டா?"

"அதுங்க இந்நேரம் முடிச்சிருக்கும். நீதானே தொரத்துன? நீயே முடி."

பெரிய கல்லாகப் பார்த்துத் தலைக்கு மேலே தூக்கினாள். மான் அவளையே பார்த்தது. கை இறங்கவில்லை. எதிர்க்கரையைப் பார்த்து, தெருநாயைக் கூப்பிடுவதுபோல, "தோ... தோ... வாங்கடா" என்று தொண்டை கிழியக் கெஞ்சினாள். மண்டை உடைந்த நாய் எழுந்து தண்ணீரில் கால் வைத்தது. அவளை ஏறிட்டுப் பார்த்தது. பின்வாங்கிப் பழையபடி உட்கார்ந்துகொண்டது.

கல் இன்னும் அவள் தலைக்கு மேலேயே இருந்தது.