கை தூக்கியவர்

"சம்மதம்னா கை தூக்குங்க" என்றான் மூத்த மகன்.

சாப்பாட்டு மேசையிலேயே கண்ணயர்ந்திருந்த முன்னாள் அமைச்சர் திடுக்கிட்டு விழித்தார். மகன்கள் இருவர் கைகளும் மேலே இருந்தன. அவர் கையும் தானாக உயர்ந்தது. சட்டசபையில் முன்வரிசை கை தூக்கினால் இவரும் தூக்கிவிடுவார். எதற்கென்று அப்புறம் கேட்டுக்கொள்வார். அப்படித்தான் அமைச்சரே ஆனார். வீட்டில் எதுவானாலும் ஓட்டெடுப்பு என்பதும் அவர் கொண்டுவந்த சட்டம்தான்.

"மூணுக்கு ரெண்டு. முடிஞ்சுது" என்று மகன்கள் எழுந்து போனார்கள். மகள் அப்பாவை முறைத்துவிட்டு வெளியேறினாள்.

ஒன்றும் புரியாமல் மனைவி பக்கம் குனிந்தார்.

"புதுக் கார் வாங்கற விஷயமா?"

"இல்ல."

"பின்ன என்ன? பொண்ணு வெளிநடப்பே செஞ்சுட்டாளே! அவகூட சேர்ந்து எதிர்த்தது யாரு?"

"நான்தான்."

"அட, எதிர்க்கட்சி பக்கத்துலயேவா உக்காந்திருக்கு! அப்படி என்னம்மா தீர்மானம்?"

மனைவி அவருடைய மாத்திரை டப்பாவை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"நாளையிலேருந்து நீங்க சின்னவன் வீட்டுல, நான் பெரியவன் வீட்டுல. ராத்திரி மாத்திரைய மறக்காம நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க."