பதிமூவாயிரம் கிலோமீட்டர்

"டொரண்டோவுல இருந்து மதுரைக்குப் பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல, மாமா. ரெண்டு பிளைட்டாவது மாறி வரணும். எப்படியும் ஒரு நாள் ஆயிரும்." செல்போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு உமாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரமசிவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "பாண்டிராஜுக்குக் காலையிலயே தகவல் சொல்லிட்டேன். சாயங்காலம் வந்துருவான். அவன் வந்துதான் கொள்ளி வைக்கணும்."

நடுவீட்டில் பாலம்மாள் கிடந்தாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை. ஒற்றைப் பிள்ளையோ கனடாவில். போய் நாலு வருஷமாகிறது, ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பாலம்மாளின் தம்பி, உமாராணியின் அப்பா மந்திரமூர்த்திக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தான், இன்னைக்கு வெள்ளி. விடிஞ்சா சனி. சனிப் பொணம் தனியாப் போகாதுன்னு ஒங்களுக்குத் தெரியாததா? வானம் வேற கருத்துக்கிட்டு வருது. ஒரு மழை பெஞ்சா இந்தக் கரிசல்ல பாடையைத் தூக்கிட்டு ஒரு எட்டு வைக்க முடியாது. பேசாம நீங்களே கொள்ளியை வைங்க."

"அஞ்சு மணி வரைக்கும் பொறு, மாப்ள."

மந்திரமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். பாவம், பெண்டாட்டி போன துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள்.

"அத்தையும் இப்படித்தான்" என்று உமாராணி விசும்பினாள். "பாண்டி அத்தான் தினம் பொழுதடைஞ்சுதான் போன் பண்ணும். 'ராத்திரிச் சாப்பாடு சாப்ட்டியாய்யா'ன்னு கேப்பாவ. 'அங்கன இப்பதான் காலை, அத்தை'ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சிரிப்பாவ. மறுநாளும் அதையேதான் கேப்பாவ."

ஐந்து மணி ஆவதற்குள் கொட்டுச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவன் பாண்டிராஜ். பெட்டியில்லை, பையில்லை. விரல் நகமெல்லாம் நீலமேறிக் கிடந்தது.

ஓடிப்போய் அம்மாவின் காலில் விழுந்து கதறினான். கொட்டு நின்றது.

"ஏலே, ஒரு நாளாகும்னுல்லா சொன்னா இவ" என்றார் மந்திரமூர்த்தி. "நீ எப்படிலே வந்தே?"

"திருப்பூர்ல இருந்து பஸ்ஸுல வாரேன், மாமா. அங்க சாயப்பட்டறையில வேலை. ஏஜெண்டு டெல்லியில விட்டுட்டு ஓடிட்டான். நான் கனடாவுக்குப் போகவே இல்ல. தோட்டத்தை வித்து அனுப்பினாவ. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊருக்குத் திரும்ப?"

தலை நிமிராமலே அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டான். "அம்மாகிட்டக் கடைசி வரைக்கும் பொய்யே சொல்லிட்டேம்ப்பா."

பரமசிவன் குனிந்து மகனைத் தூக்கி நிறுத்தினார். காலையிலிருந்து கல்லாக நின்ற மனுஷனுக்கு இப்போதுதான் குரல் உடைந்தது.

"நம்மூரு லாரிக்காரர் இசக்கிதுரை ஒன்னைத் திருப்பூர்ல பாத்துட்டு, மொத வருசமே வந்து சொல்லிட்டாவலே. நீயா வாயைத் தொறந்து சொல்லுவேன்னு அவ காத்துக் கெடந்தா. ஒங்கம்மா தெரிஞ்சுதாம்லே ராத்திரிச் சாப்பாட்டைக் கேட்டா."