சுபைதாவின் பதில்

கல்விக் கந்தோரின் யன்னலுக்கு வெளியே துறைமுகக் கடல் வெயிலில் கண்கூசக் கிடக்கிறது. மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் இங்கிலீஷ் வகுப்பை நிறுத்த வேண்டாமென்று கேட்க வந்த கமலேஸ்வரி ரீச்சர், லோஞ்சுப் படகில் கூட்டிவந்த தன் கெட்டிக்கார மாணவி சுபைதாவை அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள். மின்விசிறி கடகடக்கிறது. "உன் தகப்பனுக்கு என்ன தொழில்?" என்று அவர் இங்கிலீஷில் கேட்கிறார். சுபைதாவின் விரல்கள் முக்காட்டு நுனியைத் திருகுகின்றன, வாய் திறக்கவில்லை. "ஐயா, போன மாசம் பிள்ளையின்ர வாப்பா கடலுக்குப் போய்…" என்று ரீச்சர் தொடங்க, "கேள்வியே விளங்கேல்ல, பிறகென்னத்துக்கு வகுப்பு?" என்று அவர் ஃபைலை மூடுகிறார். வெளியே விறாந்தையில், யாரையும் பார்க்காமல், சுபைதா மெல்லச் சொல்கிறாள்: "மை ஃபாதர் வாஸ் எ ஃபிஷர்மன்." இறந்தகாலத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். உள்ளே அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள்.