டாக்டரம்மாவின் பெஸ்ட்

"அந்தச் சுருட்டைமுடிப் பொண்ணைத்தானே கேக்கறீங்க? எங்கிட்ட இருக்கறவங்கள்லயே பெஸ்ட் அவதான்!"

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில், இளகிய மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பதித்துக்கொண்டிருந்த மெழுகக்காவின் கை அப்படியே நின்றது. முன்னறையில் டாக்டரம்மா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பல் செட் கட்டறதுல அவளை அடிச்சுக்க ஆளே கிடையாது. பெஸ்ட்னா அப்படி ஒரு பெஸ்ட்!"

மெழுகக்காவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எரியாதா பின்னே? பன்னிரண்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் யார் வாயில் பல் செட் ஏறினாலும் அது அவள் கைவேலை. விரல் நுனியில் எந்நேரமும் மெழுகு ஒட்டியிருப்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயரே வந்தது. புதுப்பல் மாட்டிய கையோடு ஆப்பிளைக் கடித்துக் காட்டிவிட்டுப் போன தாத்தாக்கள் எத்தனை பேர்! ஆனால் டாக்டரம்மா வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த உச்சபட்சப் பாராட்டு, "ம்... அங்க வச்சுட்டுப் போ."

'பெஸ்ட்' என்ற வார்த்தைக்கு ஊரில் பஞ்சமா என்ன? குழாயில் தண்ணீரே வராத வீட்டை 'பெஸ்ட் வீடு' என்று சொல்லித்தான் தரகர் அவள் தலையில் கட்டினார். மகன் பரீட்சைக்குக் கிளம்பினால் தெருவே 'ஆல் த பெஸ்ட்' சொல்கிறது. சண்டை முற்றினால் "நான் பேசாம இருக்கறதுதான் பெஸ்ட்" என்று வீட்டுக்காரர் போர்வையை இழுத்துக்கொள்கிறார். இப்படிக் கண்டவர் வாயிலும் புரள்கிற வார்த்தை, அவள் பக்கம் மட்டும் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

சுருட்டைக்கு மட்டும் ராஜ உபசாரம். வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. வெளி டாக்டர் யாராவது வந்தால் போதும், அவளை முன்னால் நிறுத்தி, "இவதான் எங்க பெஸ்ட்" என்று அறிமுகம் நடக்கும். மெழுகக்காவுக்கோ, "நீ உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ" என்று உத்தரவு. இத்தனைக்கும் சுருட்டை கட்டுகிற செட்டில் மேல்வரிசை ஒரு பக்கம் போனால் கீழ்வரிசை இன்னொரு பக்கம் போகும். அதையெல்லாம் பிரித்து மறுபடி அடுக்குவது யார்? இதே மெழுகக்காதான்.

இந்த வயிற்றெரிச்சலில்தான் போன வாரம் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்திருக்கும் பல் ஆஸ்பத்திரிக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து வேலை கேட்டுவிட்டு வந்தாள். "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றார் அந்த டாக்டர். இன்னும் பதில் இல்லை.

வராவிட்டால் போகட்டும். இதற்குமேல் பொறுக்க முடியாது. மெழுகுக் கத்தியை மேஜையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று முன்னறைக்குப் போனாள். டாக்டரம்மா அப்போதுதான் போனை வைத்திருந்தார்.

"டாக்டரம்மா, நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் ஆறல. நேத்து வந்தவ பெஸ்ட்டு. பன்னண்டு வருஷமா மெழுகுலயும் அச்சு எடுக்கற மாவுலயும் கெடக்கறேனே, நான் யாரு? ஒரே ஒரு நாள், சும்மா பேச்சுக்காவது அந்த வார்த்தைய எனக்குச் சொல்லியிருப்பீங்களா?"

"ஒட்டுக் கேட்டியா?"

"ஒட்டு வேற கேக்கணுமா? நீங்க போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பொறாமைன்னே வச்சுக்கோங்க. ஆமா, பொறாமைதான்!" சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

டாக்டரம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி, எங்க போகப் போற? எதிர் ஆஸ்பத்திரிக்கா?"

மெழுகக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு எப்படித் தெரிந்தது?

"அங்க இனிமே இடம் இல்ல. இப்ப போன்ல பேசினது அந்த டாக்டர்தான். சுருட்டைய அவர் எடுத்துக்கிட்டாரு. நாளையிலேருந்து அவ அங்கதான்."

"உங்க பெஸ்ட்டையா அனுப்பறீங்க?"

"பெஸ்ட்டா? நாலு மாசமா அவளை எப்படித் தலைமுழுகறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பெஸ்ட்டு பெஸ்ட்டுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். இன்னிக்குத்தான் ஒருத்தர் மாட்டினாரு."

மெழுகக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப... என்னைப் பத்தி அவரு உங்ககிட்ட எதுவும்..."

"கேட்டாரே. போன வாரமே கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"கை நடுங்கும், வாரத்துல நாலு நாள் லீவு போடுவா, மேல்பல் எது கீழ்ப்பல் எதுன்னே தெரியாதுன்னு சொன்னேன்."

"டாக்டரம்மா!"

"பின்ன என்ன? நீ கட்டின பல்லை மாட்டிக்கிட்டு அந்தாளோட பேஷன்டுங்க சிரிச்சுக்கிட்டே போறத, நான் இங்க ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா? பொறாமை என்ன, உனக்கு மட்டும்தான் வருமா?"