மூச்சு வாங்கும் சர்வர்

"என்ன தம்பி, உன் சர்வர் இன்னிக்கும் படுத்துக்கிச்சா? ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்ட் வந்துடும் போலிருக்கே!"

கணக்குப் பிரிவு அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் திரும்பவில்லை. தூக்கமில்லாமல் கண் எரிந்தது.

"படுக்கலக்கா, மூச்சு வாங்குது. ப்ராசஸர் நூறு சதவீதத்துல நிக்குது. ஆபீஸே ஒரே பக்கத்தைத் தட்டோ தட்டுன்னு தட்டினா அதுவும் என்ன பண்ணும்?"

"தட்டாம? மாறுதல் விண்ணப்பம் இன்னிக்குத்தானே திறக்கறாங்க! முந்தறவங்களுக்குத்தான் இடம். உனக்கு வேண்டாமா?"

அவனுக்கு வேண்டாமலா? கடலோரக் கிளையில் ஒரே ஒரு இடம். அந்த ஊரில்தான் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை போகும் அப்பாவைக் கண்டால், யாரோ வந்துவிட்டதாக மகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

"முதல்ல இதைச் சரி பண்றேன்க்கா. மேனேஜர் உயிரை எடுக்கறார்."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வெளியே இணையத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து வந்து நகல் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் நீட்டுவதுதான் அந்த சர்வரின் வேலை. இன்றோ ஆளாளுக்கு ரெஃப்ரெஷ் அழுத்த, அது ஒவ்வொரு முறையும் வெளியே ஓடி ஓடிக் களைத்தது. 'யார் அழுத்தினாலும் ஓடாதே, கையில் இருப்பதைக் கொடு' என்று அதற்குப் புரியும்படி ஒரு வரி எழுதிச் சேர்த்தான்.

நூறு, பன்னிரண்டுக்கு இறங்கியது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, இதை அப்பவே செஞ்சிருக்கலாமில்ல?" பாராட்டு அவ்வளவுதான்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து, அவனும் மாறுதல் பக்கத்தைத் திறந்தான். 'விண்ணப்பம் இன்னும் திறக்கப்படவில்லை.' தட்டினான். இன்னும் இல்லை. கண் சொருகச் சொருகத் தட்டினான். கட்டி வந்த சாப்பாட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

சாயங்காலம் அக்கா பையை மாட்டிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, எனக்கு மாறுதல் கிடைச்சுடுச்சு! கடலோரக் கிளை! இருந்ததே ஒரு இடம்தான்!"

"இன்னும் திறக்கவே இல்லையேக்கா?"

"மத்தியானமே திறந்து மூடியாச்சே! உன் சர்வரை நம்பினா ஆகாதுன்னு, நான் தெருவுக்குப் போய் என் போன்ல போட்டேன்."

அவன் திரையைப் பார்த்தான். 'விண்ணப்பம் இன்னும் திறக்கப்படவில்லை.' காலையில் எடுத்து வைத்த நகலை, அவன் எழுதிய வரிக்குக் கட்டுப்பட்டு, கொஞ்சமும் மூச்சு வாங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது சர்வர்.